15 கிராம் பொடி, 30 கிராம் காபி, 27 விநாடி: வீட்டு எஸ்பிரெசோவுக்குக் கிரைண்டர் தேடிய கணக்கு

15 கிராம் பொடி, 30 கிராம் காபி, 27 விநாடி. இந்த மூன்று எண்களும் ஒரே ஷாட்டில், அதாவது மிஷினில் அழுத்தத்தோடு ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெசோவில், சேர்ந்து வர ஏழு வாரமும் ஒன்றேகால் கிலோ காபிக்கொட்டையும் செலவாயின. மறுநாளும் அதே எண்கள் வந்தன, அதற்கு மறுநாளும் வந்தன. ஒரு நாள் நன்றாக வருவது எந்த மிஷினிலும் நடக்கும். அதே ஷாட்டைத் தினமும் வரவழைப்பதுதான் வேலை, அந்த வேலையில் பாதிக்கு மேல் கிரைண்டருடையது. பணம் எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்பது இப்போது தெளிவாகிவிட்டதால், நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

கிரைண்டர் என்றதும் நம் வீடுகளில் மாவாட்டுவதுதான் நினைவுக்கு வரும். இது காபிக்கொட்டை அரைப்பது. உள்ளே கூம்பு வடிவில் ஒரு எஃகுப் பல், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பல். இரண்டுக்கும் இடையே உள்ள சந்துதான் பொடி எவ்வளவு நைஸாக வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தப் பற்களுக்கு 'பர்' என்று பெயர். விலை வித்தியாசம் முழுக்க இந்தப் பர், அதைத் தாங்கும் பேரிங், சந்தின் அளவை மாற்றும் திருகு ஆகிய மூன்றில் இருக்கிறது. வெளியே மின்னும் மரக்கைப்பிடியில் இல்லை.

தொடங்கியது ஒரு பழைய எஸ்பிரெசோ மிஷினில். பொடியை நிரப்பி மிஷினில் மாட்டும் 51 மி.மீ. கைப்பிடி, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் தெர்மோபிளாக் ஹீட்டர், பெட்டியில் 15 பார் அழுத்தம் என்று அச்சடித்த அதிர்வு பம்ப், 1350 வாட். செகண்ட் ஹேண்டில் 9,500 ரூபாய். 1350 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர். சமையலறையில் மிக்ஸி போடும் 6 ஆம்ப் சாக்கெட்டில் செருகி இருபது நிமிடம் ஓட்டினால் பிளக்கின் பின்கள் தொட முடியாத அளவு சூடாகின்றன. ஃபிரிட்ஜுக்கும் கீசருக்கும் போடும் 16 ஆம்ப் பாயின்டுக்கு மாற்றியதும் அது நின்றது. மிஷின் வாங்கும் முன்பே மேடைக்கு அருகில் அப்படி ஒரு பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த விலை மிஷின்களில் கூடவே வரும் பாஸ்கெட், அதாவது கைப்பிடிக்குள் பொடி போடும் சல்லடைக் கிண்ணம், இரட்டைச் சுவர் கொண்டது. மேல் அடுக்கில் சல்லடை இருக்கும். கீழ் அடுக்கில் ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு துளை. காபி அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி வருவதால் எந்தப் பொடி போட்டாலும் மேலே நுரை கட்டும். இந்த நுரையைப் பார்த்து பொடி சரியாக இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அழுத்தத்தை உண்டாக்குவது அந்தத் துளை, பொடிக்கு அதில் பங்கே கிடையாது. குடித்தால் நுரை வாயில் வெறும் காற்றாகக் கரைந்து போகிறது, அடியில் உள்ளது நீர்த்துப்போய் இருக்கிறது. அரைத்த பொடி மட்டுமே வாங்கிக் குடிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ்கெட் போதும், அவர்கள் கிரைண்டருக்குச் செலவு செய்யவே வேண்டாம். கொட்டை வாங்கி அரைக்கப் போகிறோம் என்றால் ஒற்றைச் சுவர் பாஸ்கெட் கட்டாயம் வேண்டும். அடிப்பக்கம் திறந்த கைப்பிடியும் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டும் சேர்ந்து 2,600 ரூபாய் ஆயிற்று.

ஒற்றைச் சுவர் பாஸ்கெட் வந்ததும் பொடியின் குறை அத்தனையும் வெளியே தெரிந்தது. வீட்டில் இருந்த ஃபில்டர் காபிப் பொடியை 15 கிராம் போட்டு அழுத்தியபோது 6 விநாடியில் 30 கிராம் கொட்டிவிட்டது. ஃபில்டரில் டிகாஷன் அரை மணி நேரம் தன் எடையில் சொட்டி இறங்க வேண்டும். அதற்கென்று அரைத்த பொடி 9 பார் அழுத்தத்துக்கு எதிரே நிற்காது. சிக்கரி கலந்த பொடி இன்னும் மோசம். சிக்கரி சூடான தண்ணீரில் ஊறி பிசுபிசுவென்று சல்லடையை அடைத்தது. அந்தப் பாஸ்கெட்டைக் கொதிநீரில் ஊறவைத்துப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் துளைகளைத் திறக்க முடிந்தது. எஸ்பிரெசோவுக்குச் சிக்கரி கூடவே கூடாது.

அடுத்த சோதனை மிக்ஸி. சின்ன ஜாரில் 20 கிராம் கொட்டை, இரண்டு மூன்று விநாடி விட்டு விட்டு 12 தடவை. பார்க்க நைஸாகத்தான் இருந்தது. மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தபோது விஷயம் தெரிந்தது: ஒரே ஜாரில் பாதி ரவை, பாதி மைதா. மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டி எறிகிறது, நசுக்கி அரைப்பதில்லை. எஸ்பிரெசோ பாஸ்கெட்டில் தண்ணீர் ரவை இருக்கும் இடமாகப் பார்த்து ஓட்டை போட்டுக்கொண்டு ஓடும், மைதா இருக்கும் இடம் சேறாகி அடைபடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவது இதனால்தான். சலித்து ஒரே அளவுப் பொடியை மட்டும் எடுத்தால் 20 கிராமில் 9 கிராம்தான் தேறியது. அந்த வழி அடைபட்டது.

கடையிலேயே நைஸாக அரைத்து வாங்குவதையும் முயன்று பார்த்தாயிற்று. முதல் நாள் 22 விநாடி வந்தது, கிட்டத்தட்ட வெற்றி. அதே பொடி, அதே எடை, மூன்றாம் நாள் 15 விநாடி. அரைத்த பொடியிலிருந்து வாயு வெளியேற வெளியேற அது தண்ணீரைத் தடுக்கும் திறன் குறைகிறது. ஃபில்டரில் இது பெரிதாகத் தெரியாது, இங்கே ஒவ்வொரு நாளும் தெரிகிறது. போதாததற்குக் கடை மிஷினில் முந்தின ஆள் அரைத்த சிக்கரிப் பொடி ஒட்டியிருக்கும். எஸ்பிரெசோ என்றால் அரைப்பது வீட்டில்தான், குடிக்கும் நேரத்தில்தான்.

முதலில் வாங்கியது 5,800 ரூபாய்க்கு ஒரு கை கிரைண்டர். 38 மி.மீ. எஃகுப் பர், இரண்டு பேரிங், கையில் பிடிக்க அருமையாக இருந்தது. ஃபில்டருக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கும் இன்றைக்கும் அதைக் குறை சொல்ல முடியாது. எஸ்பிரெசோவில் சிக்கியது வேறிடத்தில். திருகு நின்று நின்று நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக், எண் குறையக் குறையப் பொடி நைஸாகும். 8ஆவது கிளிக்கில் 15 கிராம் பொடி 14 விநாடியில் ஓடிவிட்டது. 7ஆவது கிளிக்கில் 50 விநாடி, சொட்டுச் சொட்டாக. இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. தேடிய 27 விநாடி அந்த இரண்டு கிளிக்குகளுக்கு இடையிலேயே எங்கோ இருக்கிறது, அங்கே நிற்க வழியில்லை.

கை கிரைண்டர் வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் இதுதான்: ஒரு கிளிக்குக்குப் பர் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்கிறது. கணக்கு எளிது. திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பர் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைச் சுற்றுக்கு எத்தனை கிளிக் என்பதால் வகுக்க வேண்டும். சுற்றுக்கு 1 மி.மீ. நகர்ந்து 12 கிளிக் இருந்தால் கிளிக்குக்கு 83 மைக்ரான். எஸ்பிரெசோவுக்கு இது யானை எடுத்து வைக்கும் அடி. கிங்கிரைண்டர் கே6இல் கிளிக்குக்கு 16 மைக்ரான், 1ஸெட்பிரெசோ ஜேஎக்ஸ்-புரோவில் 12.5, ஜே-அல்ட்ராவில் 8. பெட்டியில் 'எஸ்பிரெசோ முதல் பிரெஞ்ச் பிரஸ் வரை' என்று எல்லாக் கம்பெனியும்தான் போடுகிறது. அந்த வரி எதற்கும் உதவாது. கிளிக் அளவு 25 மைக்ரானுக்கு மேல் போனால் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு அதை வாங்க வேண்டாம்.

இருக்கும் கிரைண்டரை வைத்தே ஒப்பேற்ற ஒரு வழி உண்டு. கிளிக்கை அப்படியே விட்டு எடையை மாற்ற வேண்டும். 8ஆவது கிளிக்கில் 15 கிராமுக்குப் பதில் 16.5 போட்டபோது நேரம் 14இலிருந்து 21க்கு ஏறியது. இன்னும் அரை கிராம் ஏற்றினால் பொடி, மிஷினில் தண்ணீர் இறங்கும் சல்லடைத் தட்டில் முட்டுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் நாணயம் போதும்: அழுத்திய பொடியின் மேல் நாணயத்தை வைத்து, கைப்பிடியை மிஷினில் மாட்டி, தண்ணீர் விடாமல் கழற்றிப் பார்க்க வேண்டும். நாணயம் பொடியில் பதிந்திருந்தால் பொடி அதிகம், தண்ணீர் பரவ மேலே இடமில்லை. 51 மி.மீ. பாஸ்கெட்டில் 15 கிராம்தான் நாணயம் பதியாமல் இருந்த அளவு.

ஆக இரண்டாவது கிரைண்டர். 48 மி.மீ. பர், கிளிக்குக்கு 16 மைக்ரான், 11,200 ரூபாய். முதல் கிரைண்டரை 4,000 ரூபாய்க்கு விற்றாயிற்று. புதிதாக வந்ததை அப்படியே பயன்படுத்தக்கூடாது. பிரித்து, பிரஷ்ஷால் உள்ளே துடைத்து, திருகை மூடும் பக்கம் மெதுவாகத் திருப்பி, கைப்பிடி தானாகச் சுற்ற மறுக்கும் இடத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அச்சடித்த பூஜ்யமும் உண்மையான பூஜ்யமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்து, பழைய கொட்டை 200 கிராம் அரைத்துக் கொட்டிவிட வேண்டும். புதுப் பர்ரின் கூர் விளிம்பு கொஞ்சம் படிந்த பிறகுதான் எண்கள் நிலைக்கின்றன. அரைக்கும் முன் கொட்டையின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரைக் கரண்டிக் காம்பால் கலக்கினால் பொடி டப்பாவின் சுவரில் ஒட்டாது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், பர் துருப்பிடிக்கும்.

இங்கே வந்தது பெரிய தவறு. புதுக் கிரைண்டரில் ஒரே கிளிக்கில், ஒரே எடையில் அடுத்தடுத்து ஐந்து ஷாட் எடுத்ததில் 19, 31, 24, 35, 22 விநாடிகள். கிரைண்டர் சரியில்லை என்று நினைத்து இரண்டு தடவை பிரித்து மாட்டி, பூஜ்யத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, பத்து நாள் வீணாயிற்று. குறை கிரைண்டரில் இல்லவே இல்லை. ஒன்று மிஷினில், இன்னொன்று பொடி நிரப்பும் விதத்தில்.

மிஷினைச் சோதிக்க ஒரு அளவுக் குவளை போதும். கைப்பிடி இல்லாமல் பம்பை 30 விநாடி ஓட்டி, வரும் தண்ணீரை அளக்க வேண்டும். முதல் அளவு 120 மில்லி. கடுமையான போர்வெல் தண்ணீரில் ஓடிய மிஷின் என்பது சல்லடைத் தட்டைக் கழற்றியதும் தெரிந்தது. பிளக்கை உருவி, ஆறவிட்டு, நடுவில் உள்ள ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால் தட்டு கையோடு வந்தது. அதன் பின்புறம் வெள்ளை உப்பும் கருத்த காபி எண்ணெயும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அடையாகப் படிந்திருந்தது. தட்டைச் சோடா உப்பு கரைத்த சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்ததும் எண்ணெய் கழன்றது. வெள்ளை உப்புக்குச் சிட்ரிக் அமிலம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். டேங்கில் ஊற்றி 100 மில்லி ஓடவிட்டு, 10 நிமிடம் நிறுத்தி, மறுபடி 100 மில்லி. இப்படி ஒரு லிட்டர் முடிந்ததும் வெறும் தண்ணீர் இரண்டு லிட்டர். ராத்திரி முழுக்க அமிலத்தை உள்ளே விட்டுவைக்கக்கூடாது, இந்த வகை மிஷின்களில் தெர்மோபிளாக் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு சுற்று முடிந்தபோது 30 விநாடியில் 225 மில்லி வந்தது. ஏறக்குறைய இரட்டிப்பு. கைப்பிடி ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்ததால் ரப்பர் கேஸ்கெட்டையும் மாற்றியாயிற்று. பழையது விரலால் வளைத்ததும் உடைந்தது. விலை 250.

அதிர்வு பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது, இரண்டு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய்வு என்பதுதான் இதன் கணக்கு. உப்பு எடுக்கும்போது அவசரத்தில் ஒரேயடியாக ஓட்டிப் பம்பைக் கருக்கிக்கொள்வது சுலபம். 15 பார் என்பதும் வெளியே வழி அடைபட்டிருக்கும்போது பம்ப் எட்டும் உச்சம்தான், ஷாட்டுக்குத் தேவையானது 9. காஜியா கிளாசிக் போன்ற மிஷின்களில் அழுத்த வால்வின் ஸ்பிரிங்கை மாற்றி 9க்குக் கொண்டுவரலாம். இந்த மிஷினில் அந்த வசதி இல்லை. பொடியை ஒரு கிளிக் கரகரப்பாக வைத்து, ஷாட்டை நீளவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கையில் உள்ள கட்டுப்பாடு.

மிஷின் சரியானதும் ஐந்து ஷாட் எடுத்ததில் 21, 29, 25, 28, 20. குறைந்தது, போதவில்லை. மீதி, பொடி நிரப்பும் விதத்தில் இருந்தது. அடி திறந்த கைப்பிடியின் அருமை இங்கேதான் தெரியும். கீழே ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்தால் பாஸ்கெட்டின் அடிப்பக்கம் அப்படியே தெரிகிறது. ஐந்தாம் விநாடியில் ஒரு ஓரத்தில் மட்டும் ஈரம், எட்டாம் விநாடியில் அதே ஓரத்திலிருந்து நூல் போல ஒரு பீச்சு மிஷின் சுவரில் தெறிக்கிறது, எதிர்ப் பக்கம் இன்னும் வெள்ளி நிறத்தில் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காபியை ருசி பார்க்கவே தேவையில்லை.

காரணங்கள் இரண்டு. மிஷினோடு வந்த, பொடியை அழுத்தும் பிளாஸ்டிக் டேம்பரை ஸ்கேலில் அளந்தபோது 49 மி.மீ. இருந்தது. பாஸ்கெட்டின் உள்விட்டம் 51க்குச் சற்று மேல். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வளையம் அழுத்தப்படாமலே நின்றிருக்கிறது, தண்ணீர் அந்த வளையத்தில் இறங்கியிருக்கிறது. 51 மி.மீ. எஃகு டேம்பர் 900 ரூபாய். எவ்வளவு அழுத்துவது என்பதற்கு எடை பார்க்கும் மிஷின் மேல் வைத்து ஒரு தடவை அழுத்திப் பழகினால் போதும். 15 கிலோவில் பொடி இறுகிவிட்டது, 20க்கு ஏற்றியும் நேரத்தில் வித்தியாசம் இல்லை. அழுத்தத்தை விட மட்டம் முக்கியம். ஒரு பக்கம் சாய்ந்தால் தாழ்ந்த பக்கம் தண்ணீர் ஓடும்.

இரண்டாவது காரணம் பொடிக்கட்டிகள். நைஸாக அரைத்த பொடி சின்னச் சின்ன உருண்டையாகச் சேர்கிறது. 3டி பிரிண்டரின் நாசில் சுத்தம் செய்ய விற்கும் 0.4 மி.மீ. ஊசிகள் ஒரு பாக்கெட் 180 ரூபாய். அதில் ஆறு ஊசிகளை ஒரு மரக்கட்டையில் வட்டமாகச் செருகி ஒட்டினால் கருவி தயார். பாஸ்கெட்டின் அடி வரை இறக்கி, சின்ன வட்டங்களாக அடியிலிருந்து மேல் நோக்கி 15 விநாடி கிண்ட வேண்டும். மேலாகக் கிளறினால் பயனில்லை, கட்டி அடியில்தான் இருக்கும். தடித்த ஊசி, பல்குத்தி எல்லாம் பொடியில் சால் போடுகின்றனவே தவிர கட்டியை உடைப்பதில்லை.

இதற்குப் பிறகு எடுத்த எண்கள், எல்லாம் 15 கிராம் பொடி, 30 கிராம் காபி, நேரம் பம்ப் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து: 36ஆவது கிளிக்கில் 16 விநாடி, 35இல் 19, 34இல் 23, 33இல் 27, 32இல் 33, 31இல் 41. ஒரு கிளிக்குக்கு மூன்று முதல் எட்டு விநாடி. ஐந்து கிளிக் சேர்ந்தால்தான் பழைய கிரைண்டரின் ஒரு கிளிக். 14க்கும் 50க்கும் நடுவே அன்று ஏன் எதுவும் இல்லை என்பதற்கு இந்த வரிசையே பதில். 33ஆவது கிளிக்கில் திரும்ப ஐந்து ஷாட்: 27, 26, 28, 27, 28. ஆறாம் விநாடியில் பாஸ்கெட்டின் அடி முழுக்க வியர்த்தது போலத் துளிகள், பத்தாம் விநாடியில் எல்லாம் நடுவுக்கு நகர்ந்து எலிவால் போல ஒரே இழை, இருபதுக்கு மேல் கரும்பழுப்பு வெளுத்து வரத் தொடங்குகிறது. ருசி பார்க்காமலே சொல்லிவிடலாம்.

எடை பார்க்காமல் இதில் எதுவும் நடக்காது. 0.1 கிராம் காட்டும் தராசு, கோப்பையோடு தட்டில் உட்காரும் அளவுக்குச் சின்னது, 1,400 ரூபாய். மிஷினில் இருக்கும் ஒரு கப், இரண்டு கப் பொத்தான்கள் தண்ணீரை அளக்கின்றன, காபியை அல்ல. தராசு 27 கிராம் காட்டும்போதே நிறுத்த வேண்டும், மீதி மூன்று கிராம் தானாகச் சொட்டும்.

சூட்டுக்கு ஒரு குறிப்பு. தெர்மோபிளாக் ஒரு நிமிடத்தில் விளக்கு போட்டு 'தயார்' என்கிறது, ஆனால் கைப்பிடியின் உலோகம் இன்னும் ஜில்லென்றுதான் இருக்கும். பாஸ்கெட்டை மாட்டி, பொடி இல்லாமல் 60 மில்லி இரண்டு தடவை ஓடவிட்ட பிறகு எடுத்த ஷாட்டில் புளிப்பு நன்றாகவே குறைந்தது. அந்தச் சுடுதண்ணீரிலேயே கோப்பையையும் சூடாக்கிக்கொள்ளலாம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்க 250 ரூபாய் டிடிஎஸ் மீட்டர் வாங்குவது நல்லது. அதில் 75 முதல் 150 பிபிஎம் வரை காட்டினால் ருசிக்கும் மிஷினுக்கும் ஒத்துவரும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு உப்புக் கவலை குறைவு, அதே ஊரில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் சில மாதங்களில் மேலே சொன்ன வெள்ளை அடை கட்டிவிடும். ஆர்ஓ தண்ணீர் சில வீடுகளில் அளவுக்கு மீறிச் சுத்தமாக வருகிறது, அதில் காபி கூர்மையாகப் புளிக்கிறது. 5 லிட்டர் கேனில் 0.4 கிராம் சமையல் சோடா கரைத்தால் புளிப்பு மட்டுப்பட்டது. அதற்கு மேல் போட்டால் காபி மழுங்கிப் போகும்.

கொட்டை விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தினமும் வறுக்கும் காபிக்கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. "அண்ணே, சிக்கரி வேண்டாம், அரைக்கவும் வேண்டாம், கொட்டையாவே கால் கிலோ குடுங்க, எந்த நாள் வறுத்ததுன்னு கவர்ல எழுதிடுங்க" என்று கேட்டால் தருகிறார்கள். வறுத்த மறுநாளே போட்டால் வாயு நிறைய வந்து ஷாட் நுரைத்துக் குதிக்கிறது. 8 நாள் கழித்துத் திறந்து 20 நாளுக்குள் முடிப்பது இங்கே ஒத்துவந்தது. பிளான்டேஷன் ஏ (அரபிக்கா வகை) 70 பங்கு, ரொபஸ்டா பீபெரி (உருண்டைக் கொட்டை) 30 பங்கு கலவை பாலுக்கு நன்றாக நிற்கிறது, ஷாட்டின் மேல் கட்டும் நுரையான கிரீமாவும் தடித்து வருகிறது. ஃபில்டருக்கென்று கருக வறுத்த எண்ணெய் மின்னும் கொட்டையைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் பர்ரில் ஒட்டி இரண்டு வாரத்தில் சிக்குவாடை அடிக்கும். நடுத்தர வறுவல் கேட்டு வாங்குவதே சரி.

பாலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இந்த வகை மிஷினின் ஸ்டீம் மெதுவானது. 130 மில்லி பாலுக்கு 50 விநாடி ஆகிறது. குழாயின் மேல் உறையாக வரும் நுரைக் குழலைக் கழற்றிவிட்டு உள்குழாயால் நேரடியாக அடித்தால் நுரை சோப்புக் குமிழாக இல்லாமல் மென்மையாக வரும். ஆவின் பச்சைப் பாக்கெட்டின் 4.5 சதவீதக் கொழுப்பு போதுமானது. பாத்திரத்தின் அடியில் கை வைத்தால் மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியாத சூட்டில், ஏறக்குறைய 60 டிகிரியில், நிறுத்த வேண்டும். முடித்ததும் குழாயில் ஸ்டீமை ஒரு தடவை வெளியே விட்டு ஈரத்துணியால் துடைக்காவிட்டால் பால் உள்ளே காய்ந்து அடைக்கும்.

செலவுக் கணக்கு: மிஷின் 9,500, முதல் கிரைண்டர் 5,800, இரண்டாவது 11,200, கைப்பிடியும் பாஸ்கெட்டும் 2,600, டேம்பர் 900, தராசு 1,400, கேஸ்கெட் 250, சிட்ரிக் அமிலம் 60, ஊசி 180, டிடிஎஸ் மீட்டர் 250. மொத்தம் 32,140. முதல் கிரைண்டர் விற்ற 4,000 போக 28,140. தவறில்லாமல் செய்திருந்தால் 26,340இல் முடிந்திருக்கும், ஒரு கிலோ கொட்டையும் மிஞ்சியிருக்கும்.

மறுபடி தொடங்கினால் வரிசையை மாற்றுவேன். செகண்ட் ஹேண்ட் மிஷினை விற்பவர் வீட்டிலேயே 30 விநாடித் தண்ணீர் அளந்து பார்ப்பேன், சல்லடைத் தட்டைக் கழற்றிப் பின்புறம் காட்டச் சொல்வேன். கிரைண்டர் வாங்கும் கடையில் மூடியைத் திறந்து, நடுத்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பேன். தண்டு ஆடினால் பர்ரும் ஆடும், எந்தக் கிளிக்கிலும் பொடி ஒரே அளவில் வராது. பீங்கான் பர் போட்ட இரண்டாயிரம் ரூபாய் கை கிரைண்டர்கள் பலவும் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும். டிரில் மிஷினைத் தண்டில் மாட்டி அரைக்கும் யோசனையைத் தொடமாட்டேன், அந்த வேகத்துக்குப் பேரிங் செய்யப்படவில்லை.

மொத்தமே இருபதாயிரம்தான் என்றால் மின்சார மிஷினை விட்டுவிட்டு, நல்ல கை கிரைண்டரோடு ஃப்ளேர் போன்ற கை லீவர் வாங்குவதுதான் என் தேர்வு. பம்ப் இல்லை, ஹீட்டர் இல்லை, உப்பு அடைக்க இடமும் இல்லை. கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, லீவரைக் கையால் அழுத்தினால் ஆயிற்று. பால் காபி குறைவாகவும் வெறும் ஷாட் அதிகமாகவும் குடிக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். நாலு பேருக்குக் காலையில் அடுத்தடுத்துப் போட வேண்டிய வீட்டில் கை கிரைண்டரே சுமை. 15 கிராம் அரைக்க 50 விநாடி, நாலு கோப்பைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டும். அங்கே மின்சாரக் கிரைண்டர்களான பாராட்சா என்கோர் ஈஎஸ்பியோ 64 மி.மீ. தட்டைப் பர் கொண்ட டிஎஃப்64ஓ வாங்கி, மிஷினுக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மிஷினைப் பின்னால் மாற்றிக்கொள்ள முடியும்.

நேற்று புதுக் கவர் திறந்தாயிற்று, ரொபஸ்டா 40 பங்கு. 33ஆவது கிளிக்கில் முதல் ஷாட் 36 விநாடி, இரண்டு கிளிக் தளர்த்தி 35இல் 28. சரியான இடம் இரண்டாவது ஷாட்டிலேயே கிடைத்துவிட்டது.